ஆட்டத்தின் நடுவே தன் கதை சொல்லாதவருக்கு

மதிப்புக்குரிய கிளிஃப் மோர்கன் அவர்களுக்கு,



நீங்கள் 2013 ஆகஸ்ட் 29 அன்று, 83 வயதில் காலமாகிவிட்டீர்கள். இந்தக் கடிதம் உங்களைச் சேராது என்று தெரியும். அதனால்தான் திறந்த மடலாக எழுதுகிறேன். உங்களுக்குச் சொல்ல வேண்டியதை நாலு பேர் கேட்க உரக்கச் சொல்லிவிடலாம் என்று ஒரு ஆசை. மைக் பிடிக்கிற தொழிலில் இருக்கும் சிலர் காதிலும் அது விழுந்தால் நல்லது.

வேல்ஸில் உங்களுக்கு நன்றி சொன்னவர்கள் ஏராளம். 1952-ல் ஐந்து நாடுகள் ரக்பி போட்டியில் எல்லா ஆட்டங்களையும் வென்ற அணியில் நீங்கள் இருந்தீர்கள். 1953-ல் நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ் வந்தபோது முதலில் கார்டிஃப் கிளப்புக்கும், ஒரு மாதத்துக்குள் வேல்ஸ் நாட்டுக்கும் ஆடி இரண்டு முறையும் அவர்களைத் தோற்கடித்தீர்கள். அந்த வெற்றிக்குப் பிறகு வேல்ஸ் நியூசிலாந்தை வென்றதே இல்லை. அந்த ஊர்க்காரர்கள் உங்களைத் தலையில் வைத்துக் கொண்டாடியதில் ஆச்சரியம் என்ன?

நான் நன்றி சொல்ல வந்தது அதற்கெல்லாம் அல்ல. 1973 ஜனவரி 27, சனிக்கிழமை, கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க் மைதானத்தில் அரை நிமிடம்கூட நீடிக்காத ஒரு காட்சிக்கு நீங்கள் குரல் கொடுத்தீர்களே, அதற்கு. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த அரை நிமிடத்தில் நீங்கள் பேசாமல் விட்டதற்கு.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் தமிழில் விளையாட்டு எழுதிப் பிழைப்பவன். எங்கள் பக்கம் கிரிக்கெட், கால்பந்து, கபடி, வாலிபால் உண்டு. ரக்பி என்றால் அமெரிக்கர்கள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஆடும் ஆட்டம்தானே என்று கேட்பவர்களே அதிகம். நானும் உங்களைப் பின்பக்கமாகத்தான் வந்தடைந்தேன். குரலை முதலில் கேட்டேன். குரலுக்கு உரியவர் யார் என்பதைப் பிற்பாடு படித்தேன். வேல்ஸுக்காக 29 சர்வதேச ஆட்டங்கள் ஆடியவர், 1955-ல் தென்னாப்பிரிக்கப் பத்திரிகைகள் மகத்தான மோர்கன் என்று பட்டம் சூட்டி எழுதியவர் என்று தெரிந்ததும், அந்தப் பழைய காணொளியை மறுபடி ஓடவிட்டேன். இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் பேசுகிறார் என்பதற்கு அந்தக் குரலில் ஒரு தடயம் கூட இல்லை. கடிதம் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

ரக்பி தெரியாத எங்கள் வாசகர்களுக்காக அந்தக் காட்சியைச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் ஆல் பிளாக்ஸ், மறுபக்கம் பார்பேரியன்ஸ். பார்பேரியன்ஸ் ஒரு விசித்திரமான கிளப். சொந்த மைதானம் கிடையாது. பல ஊர், பல நாட்டு ஆட்டக்காரர்களை அழைத்து ஓர் ஆட்டத்துக்கு மட்டும் அணி சேர்ப்பார்கள். கறுப்பு வெள்ளைப் பட்டைச் சட்டை எல்லோருக்கும் பொது. காலுறை மட்டும் அவரவர் கிளப்புடையது. அன்றைய அணியில் பெரும்பாலோர், 1971-ல் நியூசிலாந்துக்கே போய்த் தொடரை வென்று வந்த, பிரிட்டன்-அயர்லாந்து கூட்டு அணியான லயன்ஸின் ஆட்டக்காரர்கள். கணக்குத் தீர்க்கும் ஆட்டம் என்று ஊரே எதிர்பார்த்தது.

ரக்பியில் பந்தைக் கையால் முன்னோக்கி வீசக்கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்கலாம். முன்னேற வேண்டுமானால் ஓட வேண்டும், இல்லையென்றால் காலால் உதைக்க வேண்டும். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தால் அது ட்ரை. அன்றைக்கு அதற்கு 4 புள்ளி.

ஆட்டம் தொடங்கிய முதல் சில நிமிடங்கள். நியூசிலாந்துத் தலைவர் இயன் கிர்க்பாட்ரிக்கிடமிருந்து பந்து பிரையன் வில்லியம்ஸிடம் போகிறது. அவர் பார்பேரியன்ஸ் பக்கம் ஆழமாக உதைக்கிறார். பந்து துள்ளி உருண்டு கோல் கம்பங்களை நோக்கி ஓடுகிறது. அதைத் துரத்திக்கொண்டு பின்னால் ஓடி எடுப்பவர் ஃபில் பென்னட், எண் 10. பந்தை எடுக்கும்போது அவர் முகம் தன் கோல் கம்பத்தைப் பார்த்திருக்கிறது; முதுகுக்குப் பின்னால் கறுப்புச் சட்டைகள் விரட்டி வருகின்றன. அந்த இடத்தில் பந்து கிடைத்தால் கோட்டுக்கு வெளியே உதைத்துத் தள்ளிவிட்டு மூச்சு வாங்குவதுதான் வழக்கம். பென்னட் திரும்பினார். ஒரு காலை ஊன்றி உடம்பை வெட்டினார். முதல் ஆள் காற்றைப் பிடித்தார். மறுபடி வெட்டினார், இன்னொருவர். மூன்று, நான்கு பேர் இப்படியே கடந்து போனார்கள்.

பிறகு பந்து ஜே.பி.ஆர். வில்லியம்ஸிடம். அவர் கழுத்தைச் சுற்றிக் கை போட்டு இழுக்கிறார் பிரையன் வில்லியம்ஸ். இழுபட்டபடியே அவர் ஜான் புல்லினிடம் தள்ளுகிறார். புல்லினிடமிருந்து அணித்தலைவர் ஜான் டாவ்ஸ். டாவ்ஸ் கொடுப்பதுபோல் கையை நீட்டி, கொடுக்காமல் இடப்பக்க ஓரமாக ஓடுகிறார். அங்கிருந்து டாம் டேவிட், நடுக்கோடு தாண்டியாயிற்று. அவரிடமிருந்து தாழ்வாக வந்த பந்தைக் குனிந்து பற்றுகிறார் டெரெக் குவினெல். குவினெல் இடப்பக்கம் தள்ளிய பந்து இன்னொருவருக்குப் போக வேண்டியது. நடுவில் புகுந்து பறித்துக்கொண்டு பறக்கிறார் கேரத் எட்வர்ட்ஸ். மூலையில் ஒரே பாய்ச்சல். ட்ரை.

இதற்கு நீங்கள் என்ன வர்ணனை சொன்னீர்கள்? எழுதிப் பார்த்தால் ஒரு பத்தி தேறாது. பத்துப் பெயர்கள், நாலைந்து வியப்புச் சொற்கள், நடுவே நடுக்கோடு வந்துவிட்டது என்று ஒரு தகவல். பென்னட் பின்னால் போகிறார், எதிரணியின் ஸ்கவுன் துரத்துகிறார் என்றீர்கள். பென்னட் முதல் வெட்டு வெட்டியதும் "பிரமாதம்! அடடா, பிரமாதம்!" என்றீர்கள். அப்புறம் பெயர், பெயர், பெயர். கடைசியில் குரல் உச்சிக்கு ஏறி, "இது கேரத் எட்வர்ட்ஸ்!" கூட்டத்தின் ஆரவாரம் உங்களை மூழ்கடிக்கும் முன் "என்ன ஒரு ஸ்கோர்!"

கேட்பவர்கள் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். பெயர்ப் பட்டியலின் நடுவில் ஜான் வில்லியம்ஸ் (ஜே.பி.ஆர்.தான்) என்று சொன்ன கையோடு பிரையன் வில்லியம்ஸ் என்றும் சொல்கிறீர்கள். இரண்டாமவர் எதிரணிக்காரர், கழுத்தைப் பிடித்து இழுத்தவர். அது ஆபத்தான பிடி. நடுவர் ஊதியிருந்தால் ஆட்டம் அங்கேயே நின்றிருக்கும். வேறு யாராக இருந்தாலும் பேச்சு அங்கே தடம் மாறியிருக்கும்: அது தவறு, ஊத வேண்டாமா, இந்த நடுவருக்குக் கண்ணில்லையா! நீங்கள் பிடித்தவன் பெயரைச் சொல்லிவிட்டுப் பந்தோடு போய்விட்டீர்கள். பந்து புல்லினிடம் போயிற்று; உங்கள் வாயிலும் அடுத்த பெயர் புல்லின். ஆட்டத்தைவிட அரை அடி முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

இனி, நீங்கள் பேசாமல் விட்டதற்கு வருகிறேன்.

பென்னட் நின்ற இடம் ஃப்ளை-ஹாஃப் இடம். பந்து கையில் வந்ததும் உதைப்பதா, கொடுப்பதா, ஓடுவதா என்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவெடுக்க வேண்டியவர் அவர். வேல்ஸில் அந்தச் சட்டைக்கு உள்ள மரியாதை தனி. இருபது வருடத்துக்கு முன் அதே இடத்தில், அதே ஊரில், அதே எதிரணிக்கு எதிராக ஆடியவர் நீங்கள். தன் கோல் கம்பத்தடியில் கறுப்புச் சட்டைகள் விரட்டி வரும்போது ஒரு ஃப்ளை-ஹாஃப்பின் வயிற்றில் என்ன நடக்கும் என்று அன்று மைதானத்தில் இருந்த ஆயிரக்கணக்கானோரில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்கே தெரியும். அவர்களில் ஒருவர் கையில் மைக் இருந்தது. 'நானாக இருந்தால் உதைத்திருப்பேன்' என்று அவர் சொல்லவில்லை. '53-ல் நாங்கள்...' என்று ஆரம்பிக்கவில்லை. ஆனால் அந்தப் 'பிரமாதம்' விழுந்த நேரத்தைப் பாருங்கள்: முதல் வெட்டிலேயே விழுந்தது. அது எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாத நேரம் அது. உதைத்தே ஆக வேண்டிய இடத்தில் ஒருவன் ஓடத் துணிந்துவிட்டான் என்பது அந்த இடத்தில் நின்று பழகியவருக்குத்தான் அவ்வளவு சீக்கிரம் புரியும். உங்கள் 29 ஆட்டங்களின் அனுபவமும் அந்த ஒரு சொல்லின் நேரத்துக்குள் அடங்கிவிட்டது. மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

சொல்ல உங்களிடம் கதை இல்லாமலா? நானே கொஞ்சம் சொல்கிறேன், தடுக்காதீர்கள்.

ரோண்டா பள்ளத்தாக்கில் ட்ரெபானோக் என்ற ஊர், சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. பள்ளி முடித்த கையோடு 1949-ல் கார்டிஃப் கிளப்பில் சேர்ந்து, 1951-ல் அயர்லாந்துக்கு எதிராக முதல் சர்வதேச ஆட்டம். எதிரே நின்றவர் நீங்கள் ஆராதித்த ஜாக் கைல். 1955-ல் லயன்ஸ் அணியோடு தென்னாப்பிரிக்கா போனீர்கள். அந்த அணிக்குப் பாட்டு வாத்தியாரும் நீங்கள்தான். ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் இறங்கியதும் அந்த ஊர் ஆஃப்ரிகான்ஸ் மொழிப் பாட்டையே பாடிக் கூட்டத்தைக் கவர்ந்தீர்கள் என்று படித்திருக்கிறேன். நிறவெறிச் சட்டம் கோலோச்சிய நாடு, வெள்ளையருக்கு மட்டுமே இடம் தந்த எதிரணி என்பதையும் சேர்த்துத்தான் இன்று அந்தப் பயணத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது. பாட்டு இனிமையானதால் அது மறைந்துவிடாது.

ஆகஸ்ட் 6, எல்லிஸ் பார்க், முதல் டெஸ்ட். கிட்டத்தட்ட 95,000 பேர். இடைவேளையில் லயன்ஸ் 8, தென்னாப்பிரிக்கா 11. இரண்டாம் பாதி தொடங்கியதும் நீங்கள் பந்தோடு வெளிப்பக்கம் வளைந்து, அவர்களுடைய பெயர்பெற்ற தடுப்பாளர் பாஸி வான் வைக்கைத் தாண்டி ஓடிப்போய் ட்ரை வைத்தீர்கள். ரெஜ் ஹிக்கின்ஸ் காயம்பட்டு வெளியேற, மாற்று ஆள் இறக்கும் விதியே இல்லாத அந்தக் காலத்தில் 14 பேரோடு ஆட்டம். ஒரு கட்டத்தில் 23-க்கு 11 என்று முன்னிலை; கடைசியில் 23-க்கு 22. இறுதி உதையை வான் டெர் ஷைஃப் கோல் கம்பத்துக்கு வெளியே அனுப்பியதால் லயன்ஸ் வென்றது. தொடர் 2-2 என்று சமன். அதில் மூன்றாம் டெஸ்டில் நீங்களே தலைவர், அதிலும் வெற்றி.

இத்தனையையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒருவர் மைக் முன்னால் உட்கார்ந்தார். ஆட்டம் ஓடும்போது அதிலிருந்து ஒரு காசை எடுத்துக் காட்டவில்லை. வேறு சந்தர்ப்பங்களில் நீங்கள் பெரிய கதைசொல்லி என்பதும் தெரியும். மேடையில், வானொலியில், உங்கள் சுயசரிதையில் தாராளமாகவே சொன்னீர்கள். எங்கே சொல்வது, எங்கே சொல்லாமல் இருப்பது என்பதில்தான் உங்கள் தேர்ச்சி.

இதை ஏன் பெரிதுபடுத்துகிறேன் என்றால், இன்று நாங்கள் கேட்பது வேறு. ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்கள் எந்தச் சேனலைத் திருப்பினாலும் பேசுகிறார்கள். அவர்கள் வரவு அவசியமானது என்றே நினைக்கிறேன். பந்து கையை விட்டுப் போகும் முன் மணிக்கட்டு என்ன செய்கிறது என்று ஆடியவருக்குத்தான் தெரியும். ஆனால் பந்து வீசப்பட்டு, அடிக்கப்பட்டு, எல்லைக்கோட்டருகே ஒருவர் பாய்ந்து பிடித்த பிறகும், 'எங்க காலத்துல ஒரு தடவ...' என்று தொடங்கிய கதை முடிந்திருக்காது. எங்கள் வானொலியில் அப்துல் ஜப்பார் தமிழில் கிரிக்கெட் வர்ணித்த காலம் ஒன்று இருந்தது. அவர் இந்திய அணிக்கு ஆடியவர் அல்ல. பந்து எங்கே விழுந்தது, எந்தப் பக்கம் போனது, யார் ஓடுகிறார் என்று அவர் சொல்லச் சொல்ல, டீக்கடை வாசலில் நிற்பவர் கண்முன் மைதானம் விரிந்தது. கூட இருந்து பேச ஆடியவர் ஒருவரும் இருந்தால் பலம்தான். ஆனால் ஆட்டத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஆடியவரின் கதை வந்து உட்கார்ந்தால், கேட்பவருக்கு இரண்டும் கிடைக்காது.

தொலைக்காட்சியை மட்டும் சொல்வானேன். கோயில் திருவிழாவை ஒட்டி எங்கள் ஊர்ப்பக்கம் இரவில் கபடிப் போட்டி நடக்கும். குழல்விளக்கு கட்டி, மைக் செட் வைத்து, மண்ணில் தண்ணீர் தெளித்து ஆட்டம். மைக்கில் பேச நானும் சில தடவை போயிருக்கிறேன். ஒருமுறை என் பக்கத்தில் உட்கார்ந்தவர் அந்த வட்டாரத்தில் பேர்பெற்ற முன்னாள் ரெய்டர். முதல் பத்து நிமிடம் அபாரமாகப் பேசினார்: "பாருங்க, இடது கால்தான் ஏமாத்துக் கால், வலது கால் வரும்" என்றார்; வந்தது. கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டல்தான் வினையாயிற்று. அடுத்த ரெய்டு உள்ளே போயிருக்கிறது. இவர் இருபது வருடத்துக்கு முன் பக்கத்து ஊரில் தனியாளாக ஐந்து பேரைத் தொட்டு வந்த கதைக்குப் போய்விட்டார். இடையில் கோப்பை கொடுப்பவர் பெயர், இரண்டாம் பரிசு கொடுப்பவர் பெயர், அன்னதானம் யார் உபயம் என்ற அறிவிப்புகள் வேறு. களத்தில் ஒரு பையன் மூன்று பேரை இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டான். என்ன ஸ்கோர் என்று முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் சத்தம் போட்டுக் கேட்கிறார். அந்தப் பையன் பெயரை யாருமே மைக்கில் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்து அவன் வியர்வையோடு மைக் மேசைக்கு வந்து, "அண்ணே, என் பேர் சொன்னீங்களா?" என்று கேட்டான். தன் வீட்டார் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னான்.

குவினெல் வீட்டார் அன்று கேட்டிருப்பார்கள். டாம் டேவிட் வீட்டார் கேட்டிருப்பார்கள். ட்ரை வைத்தவரை உலகமே சொல்லும். நடுவில் ஒரு கணம் பந்தைத் தொட்டுக் கொடுத்தவர்கள் பெயரையும் நீங்கள் ஒன்றுவிடாமல் சொன்னீர்கள். அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் ரக்பி ரசிகர்கள் அந்த ஏழு பேரையும் வரிசை மாறாமல் ஒப்பிக்கிறார்கள்.

உங்களுக்கு முன்னால் போனவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். 1927 ஜனவரி 15, டுவிக்கென்ஹாம் மைதானம், இங்கிலாந்துக்கும் உங்கள் வேல்ஸுக்கும் ஆட்டம். பிரிட்டனில் வானொலியில் விளையாட்டு நேர்முக வர்ணனை பிறந்தது அன்றுதான். பேசியவர் டெடி வேக்லம், ஹார்லெக்வின்ஸ் கிளப்பின் பழைய ரக்பி ஆட்டக்காரர். எப்படிப் பேசுவது என்று அவருக்கு முன்மாதிரியே கிடையாது. மைதானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வானொலிப் பத்திரிகையில் படம் அச்சிட்டார்கள். பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று இன்னொருவர் எண் சொல்லிக்கொண்டே இருப்பார். அதைவிட நல்ல யோசனை ஒன்றும் செய்தார்கள்: பார்வையிழந்தோர் இல்லத்திலிருந்து ஒருவரை அழைத்துவந்து வேக்லமுக்கு அருகே உட்காரவைத்தார்கள். அவருக்குச் சொல்வதுபோல் சொன்னால் போதும் என்பது ஏற்பாடு.

வர்ணனை கற்றுத்தர இதைவிடச் சிறந்த வழி இன்றுவரை யாரும் கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை. பார்க்க முடியாத ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்றால் சொந்தப் புராணம் பேச வாய் வராது. பந்து எங்கே, யாரிடம், என்ன ஆயிற்று என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் பேசியது தொலைக்காட்சிக்கு. படம் கண்முன் ஓடுகிறது. அப்படியும் அந்தப் பெயர் வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பந்தின் பாதை முழுதும் விளங்குகிறது.

இன்னொரு நன்றியை ஒரு காய்ச்சலுக்குச் சொல்ல வேண்டும். அன்று அந்த நாற்காலியில் உட்கார வேண்டியவர் நீங்கள் அல்ல. ஸ்காட்லாந்துக்காரர் பில் மக்லாரன். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போகவே உங்களை அழைத்தார்கள். மக்லாரனும் பழைய ஆட்டக்காரர்தான். ஸ்காட்லாந்து அணிக்கான 1947 தேர்வாட்டம் வரை வந்து, நாட்டுச் சட்டை கைக்கு எட்டும் தூரத்தில் காசநோயில் விழுந்தார். ஈஸ்ட் ஃபார்ச்சூன் சானடோரியத்தில் 19 மாதம். அப்போது பரிசோதனை நிலையில் இருந்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைத் தந்து பார்த்த ஐந்து பேரில் பிழைத்தவர் இருவர், அதில் அவர் ஒருவர். அங்கே நோயாளிகளின் டேபிள் டென்னிஸ் ஆட்டங்களை மருத்துவமனை வானொலியில் வர்ணித்துத்தான் அவர் இந்தத் தொழிலுக்கே வந்தார். 1953-லிருந்து 2002 வரை பிபிசியில் பேசினார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு அணிகளின் பயிற்சியைப் போய்ப் பார்த்து, ஒவ்வொரு வீரரைப் பற்றியும் பல வண்ண மையில் ஒரு பெரிய தாள் நிறைய எழுதி வைத்துக்கொள்வார். தன் சொந்த ஊரான ஹாவிக்கின் மிட்டாயைச் சட்டைப் பையில் வைத்து ஆட்டக்காரர்களுக்குக் கொடுப்பார். அவருக்குத் தனியாக ஒரு கடிதமே எழுதலாம்.

மக்லாரனின் காய்ச்சலால் உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு அது. நீங்கள் அதை ஏற்ற நிலைமை? முந்தைய வருடம், 1972-ல், உங்களுக்குப் பக்கவாதம். நாற்பதைத் தாண்டியிருந்த வயது. உடம்பில் ஒரு பக்கம் செயலிழந்து, பேச்சும் போயிற்று. பேச்சையே தொழிலாகக் கொண்டவருக்கு! 1958-ல் 28 வயதிலேயே ஆட்டத்தை விட்டுவிட்டு பிபிசியில் சேர்ந்து, விளையாட்டு நிகழ்ச்சிகளைத் தயாரித்து, இடையில் ஐ.டி.வி.யில் அரசியல் செய்தி நிகழ்ச்சிக்கு ஆசிரியராக இருந்து, 1970-ல் தொடங்கிய விளையாட்டு வினாடிவினா நிகழ்ச்சியில் குத்துச்சண்டை வீரர் ஹென்றி கூப்பருக்கு எதிரணித் தலைவராக வீடுதோறும் அறிமுகமானவர் நீங்கள். அன்றைய ரக்பியில் ஆடுவதற்குக் கூலி கிடையாது என்பதால் சேர்த்து வைத்த பணமும் இருந்திருக்காது. சொல் சொல்லாக, எழுத்து எழுத்தாகப் பேச்சை மீட்டுக்கொண்டு அந்த ஜனவரி மாலையில் மைக் முன் வந்தீர்கள். பந்தை ஏழு பேர் கைமாற்றிய வேகத்தில் பத்துப் பெயர்களைத் தடுக்காமல், திக்காமல் சொன்னீர்கள். உங்கள் மறுபிறவிக்குச் சாட்சியான நிமிடம் அது. அதையும் நீங்கள் அன்று மைக்கில் சொல்லவில்லை.

ட்ரைக்குப் பிறகு ஒரு வாக்கியம் சொன்னீர்கள்: எழுத்தாளர்களிலேயே பெரியவர் இந்தக் கதையை எழுதியிருந்தாலும் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள் என்று. அந்த ட்ரையைப் பற்றித்தான் சொன்னீர்கள். எனக்கென்னவோ பேசியவருக்கும் அது பொருந்துகிறது.

அந்த ஆட்டம் 23-க்கு 11 என்று பார்பேரியன்ஸ் பக்கம் முடிந்தது. அதன்பின் நீங்கள் மைக்கைவிட மேசைக்கே அதிகம் பயன்பட்டீர்கள். 1976 முதல் 1987 வரை பிபிசி தொலைக்காட்சியின் வெளிக்கள ஒளிபரப்புப் பிரிவுக்குத் தலைவர். 1981-ல் இளவரசர் சார்லஸ் திருமணம் உலகம் முழுக்கப் போனது உங்கள் பிரிவின் வேலை. பெரிய பதவிதான். இருந்தாலும் ஒரு ரசிகனாகச் சொல்கிறேன், அந்தப் பதினோரு வருடத்தில் உங்கள் குரல் எங்களுக்கு நஷ்டம். பிறகு வானொலியில் சனிக்கிழமை காலைகளில் பேசி அதைக் கொஞ்சம் ஈடுகட்டினீர்கள்.

கடைசிக் காலத்தில் தொண்டைப் புற்றுநோய்க்குக் குரல்வளையையே எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு தடவை போய்த் திரும்பி வந்த பேச்சு இரண்டாம் தடவை திரும்பவில்லை. இதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் வழியில் வந்தவர்கள் உண்டு. வேல்ஸ் அணித்தலைவராக இருந்து பிபிசி வர்ணனையாளரான எடி பட்லர், 16 சர்வதேச ஆட்டங்கள் ஆடியவர், அழகான உரைநடைக்காரர். 2022 செப்டம்பரில் பெருவில் நற்பணி நிதிக்காக மலைப்பாதை நடந்தபோது தூக்கத்திலேயே இறந்துபோனார். அதே வருடம் ஜூனில் ஃபில் பென்னட் போனார். 2024 ஜனவரியில் ஜே.பி.ஆர். வில்லியம்ஸும் போனார். அவர்கள் ஒவ்வொருவருக்கும் அஞ்சலி செலுத்தியபோது தொலைக்காட்சிகள் அந்த ட்ரையைத்தான் போட்டன. படம் அவர்களுடையது, குரல் உங்களுடையது. அந்தப் படத்தைக் குரலை நிறுத்திவிட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

ஆகவே, ஐயா, நன்றி. ஆடியவர் என்பதால் கிடைத்த கண்ணை எங்களுக்குக் கொடுத்ததற்கும், ஆடியவர் என்ற பெருமையைப் பெட்டியில் வைத்துப் பூட்டியதற்கும். பென்னட்டைப் பார்த்துப் பொறாமைப்படாமல் முதல் ஆளாகக் கைதட்டியதற்கும்.

இனி வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 1973 பார்பேரியன்ஸ் ஆட்டம் இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. ரக்பி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. முதல் தடவை திரையைப் பார்க்காமல் கேளுங்கள், பிறகு பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த பழைய கிரிக்கெட் வீரரோ கபடி ரெய்டரோ மைக் பிடிக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டால், அவருக்கும் அதை அனுப்பிவையுங்கள்.


தமிழ் நேயர் ஒருவர்